வாவிக்கரை மரமும் வளர்ப்புப் பாம்பும்



மட்டக்களப்பில் பிறந்து கனடாவிற் குடியேறிய என் மருமகன் அண்மையில் ஒரு கடிதம் எழுதியிருந்தான். அங்கே அவன் சோளப்பாம்பு என வழங்கும் நஞ்சற்ற பாம்பொன்றை வளர்க்கிறான். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி அதன் தாயகம். “மாமா, அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு நம் வாவிக்கரையிற் கிடக்கும் மரவேர் ஒன்றை அனுப்புவீர்களா? பார்க்கும்போதெல்லாம் ஊர் நினைவு வரும்” என்பது அவன் வேண்டுகோள்.

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பர். அதற்கு வீட்டலங்காரமா என்று சிலர் நகைக்கலாம். ஆயினும், ஓர் உயிரை அடைத்து வைத்தவன் அதற்கு வேண்டியதைச் செய்து கொடுக்கக் கடமைப்பட்டவன். பாம்புக்கு மரக்கொம்பு வெறும் அழகுப் பொருளன்று. சட்டை உரிக்குங் காலத்தில் முகத்தைச் சொரசொரப்பான பட்டையில் உராய்ந்தே அது பழைய தோலைக் கழற்றுகிறது. ஏறவும் ஒளியவும் அதற்கு மரம் வேண்டும்.

ஆனால் எந்த மரம்? இதுவே கேள்வி.

நம் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கரைகளிற் கண்டலோடு தில்லையும் வளர்கின்றது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரை ஈந்த மரம் இதுவேயாம். புனிதமான பெயர், பொல்லாத பால். அது தோலிற் பட்டாற் கொப்புளம் எழும்; கண்ணிற் பட்டாற் சில காலம் பார்வை மறையும். விறகாக எரித்தால் அதன் புகையுங் கண்ணை வருத்தும். இலையும் பட்டையும் உதிர்ந்து, அலையில் உருண்டு, வெயிலில் வெளுத்துக் கரையிற் கிடக்கும் கட்டையைக் கண்டு, இது கண்டல், இது தில்லை என்று பிரித்தறிவது எளிதன்று. ஆகவே முதல் விதி இது: இன்ன மரமென்று அறியாத மரத்தைப் பாம்பின் பெட்டிக்குள் வையாதீர்கள்.

தேவதாரு, பைன் போன்ற மணமும் பிசினும் உள்ள மரங்களும் ஆகா. காரணம் பாம்பின் உடலமைப்பிலேயே உள்ளது. பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள நுண்பொருள்களை எடுத்து, மேலண்ணத்திலுள்ள உறுப்பின் வழியாக மணத்தை அறிகிறது. நமக்கு இனிமையாகத் தோன்றும் மரநெய் ஆவி, மூடிய பெட்டிக்குள் இரவும் பகலும் அதன் வாயிலும் நுரையீரலிலும் புகுந்துகொண்டே இருக்கும். மூக்கைப் பொத்திக்கொள்ள அதற்குக் கையுமில்லை. விலகிச் செல்ல வழியுமில்லை.

வாவிக் கட்டையில் இன்னொரு குறையும் உண்டு. கடல்நீர் கலக்கும் வாவியாதலால் மரத்தில் உப்பு ஊறியிருக்கும். நீரை மாற்றி மாற்றிப் பல நாள் ஊறவைத்தாலன்றி அது நீங்காது. பச்சை மரத்தையும் பட்டையோடு கூடிய மரத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதைக் கனடா கட்டுப்படுத்துகிறது. மரத்துக்குள் ஒளிந்து செல்லும் வண்டு அந்நாட்டுக் காட்டையே அழிக்கலாம் என்பதே அதற்குக் காரணம்.

இவற்றினும் பெரிய காரணமும் ஒன்றுண்டு. இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் அடைக்கலம் புகுமிடம் கண்டல் வேரே. அலையின் வேகத்தைத் தணிப்பதும் அதுவே. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட நமக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டில் இலங்கை தன் கண்டற்காடுகள் அனைத்தையுங் காக்க முன்வந்தது. அலங்காரத்துக்காக அதன் வேரிற் கத்தி வைத்தல் தகாது.

எனவே மருமகனுக்கு நான் எழுதிய மறுமொழி இதுதான்: “நீ இருக்கும் ஊரிலேயே தேடு. பூச்சிமருந்து படாத ஆப்பிள் அல்லது ஓக் மரத்தின் நன்கு உலர்ந்த கொம்பொன்றை, உரியவரிடம் கேட்டு எடுத்துக்கொள். உளுத்த பகுதியையும் தளர்ந்த பட்டையையும் நீக்கு. சவர்க்காரமின்றிக் கொதிநீரில் தேய்த்துக் கழுவு. பாத்திரத்தில் அடங்குமாயின் நீரிலிட்டுக் கொதிக்க வை. இதனால் உண்ணிகளும் அவற்றின் முட்டைகளும் அழியும். பின்னர் உள்ளீரம் போகும்வரை பல நாள் உலர்த்து. சிலாம்புகளை உரைதாளால் தேய்த்துவிடு. தலை சிக்கக்கூடிய துளைகளுள்ள கொம்பை ஒதுக்கு. வர்ணமோ வார்னிஷோ பூசாதே. பாம்பின் பாரத்தைத் தாங்குமாறு, உருண்டு அதன்மேல் விழாதவாறு இறுகப் பொருத்து. வெப்ப விளக்குக்கு எட்ட வை. பூஞ்சணம் கண்டால் உடனே வெளியே எடு.”

நேயர்களுக்கும் ஒரு சொல். மருமகனைப் பார்த்து நம்மூர்ப் பிள்ளைகள் வளவிற் காணும் பாம்பைப் பிடித்து அடைக்க முனைதல் கூடாது. உயிராபத்து ஒருபுறமிருக்க, மலைப்பாம்பு உட்பட நம் நாட்டுப் பாம்புகள் பல, 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. பாம்பைக் காண விரும்புவோர் தெகிவளை விலங்கினச் சாலைக்குச் செல்லலாம்.

மருமகன் என் கடிதத்தைக் கண்டு வருந்தினானோ என்று எண்ணியிருந்தேன். சில வாரங்களின் பின் பதில் வந்தது. அயல்வீட்டு முதியவர் தம் ஆப்பிள் மரத்திலிருந்து முறிந்து விழுந்து உலர்ந்திருந்த கொம்பொன்றைக் கொடுத்தாராம். அதிற் பாம்பு ஏறிச் சுருண்டு கிடக்கிறதாம். ஊர் நினைவுக்காகக் கல்லடிப் பாலத்தடியில் எடுத்த வாவியின் படமொன்றை அவனுக்கு அனுப்பினேன். அதைப் பெட்டிக்கு வெளியே, சுவரில் மாட்டியிருக்கிறான்.