மின்சாரப் படிப்பும் கைவேலையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மின்சாரத்தை எப்படிப் படிப்பது என்பதாகும். இது காலேஜ் பிள்ளைகளின் சங்கதி, நமக்கென்ன என்று நீங்கள் கருதிவிடக் கூடாது. உங்கள் வீட்டு விளக்கும் வயலிலுள்ள பம்பும் அந்தப் பிள்ளைகள் கற்கும் கல்வியை நம்பித்தான் இருக்கின்றன.

சர்வகலாசாலைக்கு வரும் ஒரு பிள்ளையை ஓம் விதி என்னவென்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பான். அவன் கையிலேயே ஒரு பாட்டரியையும், ஒரு சிறு பல்பையும், ஒரு துண்டுக் கம்பியையும் கொடுத்து எரியவை பார்க்கலாமென்றால் விழிப்பான். பாட்டரியின் ஒரு முனையிலிருந்து பல்புக்குக் கம்பியை இழுத்துவிட்டு, ஏன் எரியவில்லை என்று நம்மையே கேட்பான். மின்சாரம் போக வழியிருந்தால் மாத்திரம் போதாது, திரும்பி வந்து சேரவும் வழி வேண்டும். அதனாலேயே அதற்குச் சுற்று என்று பெயர். பல்பின் அடியைப் பாட்டரியின் ஒரு முனையில் வைத்து, மறுமுனையிலிருந்து கம்பியைப் பல்பின் பக்கத்தில் தொட வைத்தவுடன் விளக்கு எரிகிறது. பத்துப் பக்கம் உருப்போட்டு விளங்காதது ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடுகிறது.

விளக்கு மின்சார ஓட்டத்தைத் தின்றுவிடுகிறது என்று அநேகர் நினைக்கிறார்கள். விளக்குக்கு முன்னால் ஒரு அம்மீட்டரும் பின்னால் ஒரு அம்மீட்டரும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டும். செலவாவது சக்தியே தவிர ஓட்டமல்ல.

இனி முக்கியமான இடத்திற்கு வருவோம். 100 ஓம் தடையுள்ள சுருளுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 10 மில்லி ஆம்பியரும், 2 வோல்ட் கொடுத்தால் 20-ம், 3 வோல்ட் கொடுத்தால் 30-ம் ஓடும். இங்கு புஸ்தகமும் கருவியும் ஒத்துப்போகின்றன. அதே சோதனையைப் பல்பை வைத்துச் செய்தாலோ, வோல்ட் இரட்டிப்பானாலும் ஓட்டம் இரட்டிப்பாவதில்லை. உடனே பிள்ளை என்ன செய்கிறான்? பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்க்கிறான். தான் கண்டதை அழித்துவிட்டுப் புஸ்தகத்துக்குப் பொருந்தும்படி எழுதுகிறான். உபாத்தியாயரும் கணக்குச் சரியாயிருக்கிறதென்று மார்க்குப் போடுகிறார். தோழர்களே, இதற்குப் பெயர் கல்வியா, பொய்ச்சாட்சியா? பல்பின் இழை சூடேறச் சூடேற அதன் தடை அதிகமாகிறது. உஷ்ணம் மாறாதவரைதான் அந்த விதி பொருந்தும். அழித்தெழுதிய பிள்ளை இந்த உண்மையைக் கையில் பிடித்தும் நழுவவிட்டவனாகிறான்.

இந்த விதியைக் கண்ட ஜார்ஜ் ஓம் என்பவர் ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன், பள்ளிக்கூட உபாத்தியாயர். பாட்டரியின் வேகம் நிலையாக நில்லாததால், இரு உலோகங்களின் இணைப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் ஒன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்சாரம் உண்டாக்கி அளந்தார். 1827-ல் புஸ்தகம் போட்டார். அவருடைய நாட்டுப் பண்டிதர்களில் பலர் அதை மதிக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. பண்டிதர்கள் மதிக்காததால் கம்பி தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை!

கிளாஸ்கோ சர்வகலாசாலையில் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) பழைய ஒயின் நிலவறை ஒன்றைச் சோதனைச்சாலையாக்கி மாணவர்களை அளக்க வைத்தார். கடைச்சரக்கான செம்புக் கம்பிகள் மின்சாரத்தைக் கடத்துவதில் ஒன்றுக்கொன்று வெகுவாக வித்தியாசப்படுகின்றன என்பதை 1857-ல் அவர் வெளியிட்டார். எல்லாம் செம்புதானே என்று சும்மா இருந்திருந்தால் கடலடித் தந்திக்குக் கெட்ட கம்பியே போயிருக்கும்.

ஆகவே நாம் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். ஒருவன் கம்பி கட்ட ஒன்பது பேர் வேடிக்கை பார்க்கும் சோதனைச்சாலை வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் கையும் கருவியைத் தொடட்டும். விடை பொருந்தியதற்காக அல்ல, கண்டதைக் கண்டபடி எழுதியதற்காக மார்க்குக் கொடுக்கட்டும். வீட்டிலுள்ள 230 வோல்ட்டில் யாரும் கைவைக்க வேண்டாம். ஒன்றரை வோல்ட் பாட்டரியே போதும். அதைக்கொண்டு உங்கள் பிள்ளைகளோடு இன்றிரவே ஒரு பல்பை எரியவைத்துப் பாருங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாதீர்கள்.