கடல் இல்லாத ஊரில் கடலைப் பத்தி ஏன் பேசணும்?

நாரணாபுரத்தில் நடந்த நம்ம இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம் இது. வேலை ஷிப்ட் காரணமா வர முடியாதவங்க பொறுமையா படிங்க. பயன்படும்னு தோணினா பகிருங்க.

"ஒருங்கிணைந்த கடலோர மண்டல மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கு." தலைப்பைக் கேட்டதும் சிரிப்பு வருதுல்ல? நமக்கு இருக்கிறது கந்தக பூமி, பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. நம்ம வட்டாரத்து மழைத்தண்ணி வாறுகால், ஓடை, கண்மாய்னு இறங்கி வைப்பாற்றுக்குத்தான் போகுது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேர்ற இடம் உங்க எல்லாருக்கும் தெரியும். ஆடி வெள்ளிக்கு நடந்தே போறவங்க நாம. அந்த ஆறு சாத்தூர் பக்கமா வந்து, விளாத்திகுளம் தாண்டி, மன்னார் வளைகுடாவில் கலக்குது. நம்ம வாறுகால்ல போடுற பாலித்தீன் பை, வெள்ளம் வந்தா ஒருநாள் அங்க இருக்கிற மீனவரோட வலையில ஏறும்.

மன்னார் வளைகுடா சாதாரணக் கடல் இல்லை. அங்க இருக்கிற 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினாங்க. பவளப்பாறை, கடல்புல், கடற்பசு எல்லாம் இருக்கிற இடம். ஆனா தலைமுறை தலைமுறையா அந்தத் தீவுகளைச் சுத்தி கடற்பாசி எடுத்துப் பிழைச்ச பெண்களுக்கு என்ன ஆச்சு? அதுவரைக்கும் தொழில் செஞ்ச இடத்துக்குப் போறதே குற்றமாயிடுச்சு.

அவங்க அதோட ஓயலை. சங்கமா சேர்ந்தாங்க. மாசத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்போம்னு தங்களுக்குத் தாங்களே விதி வெச்சாங்க. பாசி திரும்ப வளரணும்ல, அதுக்காக. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாவுக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. கடலைக் காப்பாத்தணும்னு அதிகாரி சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியணும்னு இல்லை. பாசி இல்லைன்னா அவங்க வீட்ல அடுப்பு எரியாது.

அடுத்து பிச்சாவரம். அங்க அலையாத்திக் காடு அழிஞ்சுக்கிட்டு வந்தப்போ பழி யார் மேல விழுந்தது? விறகு வெட்டுற, மாடு மேய்க்கிற ஊர் மக்கள் மேல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் ஆய்வு செஞ்சப்போ முக்கியக் காரணம் வேறன்னு தெரிஞ்சுது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி பல ஆண்டுகள் காட்டைப் பகுதி பகுதியா மொத்தமா வெட்டினதால தரை வெயிலில் காய்ஞ்சு, அமுங்கி, தொட்டி மாதிரி ஆயிடுச்சு. உள்ள வந்த கடல்தண்ணி வெளியேற வழியில்லை. தேங்கி, வத்தி, உப்பு ஏறி, கன்று முளைக்கலை.

தீர்வு எளிமையான இன்ஜினியரிங்தான். மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினாங்க. அலை ஏறும்போது தண்ணி உள்ள வரும், இறங்கும்போது வெளிய போகும். உப்பு குறைஞ்சது, கன்று நின்னுச்சு. ஆனா வாய்க்கால் தூர்ந்து போகாம வருஷா வருஷம் யார் பார்த்துக்கிறது? அதுக்குத்தான் வனத்துறை, ஆய்வு நிறுவனம், கிராமக் குழு மூணும் கூட்டுச் சேர்ந்தாங்க. 2004 சுனாமியில் அந்தக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊர்களில் சேதம் குறைவா இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செஞ்சிருக்காங்க.

சரி, "ஒருங்கிணைந்த"ன்னா என்ன? ஒரு உதாரணம் போதும். நம்ம கிழக்குக் கடற்கரையில் ஒரு வருஷத்தைக் கணக்குப் பார்த்தா மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருது. சென்னைத் துறைமுகம் கட்டினதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரை அரிச்சுது. இன்னைக்கும் ஒரு ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டா, வடக்கே அடுத்த ஊர்ல அரிப்பு வரலாம். ஒவ்வொரு ஊரும் தனித்தனியா மனு கொடுத்தா தீராது. பக்கத்து ஊரும் சேர்ந்து உக்காரணும்.

இப்போ வரைபடத்துக்கு வர்றேன். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, ஊர் அளவிலான வரைபடத்தில் மீனவர் குடியிருப்பு, படகு நிறுத்துற இடம், மீன் காயப்போடுற இடம் எல்லாத்தையும் குறிக்கணும். அளவு 1:3,960. அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர்னா தரையில் ஏறக்குறைய 40 மீட்டர். கருவாடு காயப்போடுற 20 மீட்டர் இடம் அங்க அரை சென்டிமீட்டர்தான். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து வரையுறவருக்கு அது வெத்து மணல். அந்த அம்மாவுக்கு அது பொழப்பு. குறிக்காம விட்டா, நாளைக்கு அந்த இடம் காலி நிலம்னு சொல்லி வேற யாருக்காவது போகும். அதனாலதான் வரைவு வரைபடம் வெளிவரும்போதெல்லாம் மீனவர்கள் "எங்க ஊரைக் காணோம்"னு சண்டை போடுறாங்க.

நமக்கு இது புரியும். 2018 அக்டோபர் 23 அன்னைக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தப்போ சிவகாசி எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. தீர்ப்பு சரியா தப்பாங்கிறது இன்னைக்குப் பேச்சு இல்லை. காத்து சுத்தமா இருக்கணும், அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா மருந்து செலுத்துற தொழிலாளியை எந்த மேசையிலும் உக்கார வெச்சு யாரும் கேட்கலைங்கிற வலி நமக்குத் தெரியும். அதே வலிதான் கடற்கரையிலயும்.

ஒரு திட்டத்தில் "மக்கள் பங்களிப்பு"ன்னு எழுதியிருந்தா, மூணு கேள்வி கேளுங்க. முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி கூப்பிட்டாங்களா, பின்னாடி கூப்பிட்டாங்களா? ஆவணம் தமிழ்ல இருந்துச்சா? பராமரிப்புக்கான பணமும் பொறுப்பும் ஊர்க் குழு கையில இருக்கா? மூணுக்கும் 'இல்லை'ன்னா அது கூட்டாண்மை இல்லை, கையெழுத்து வேட்டை.

நாம செய்ய வேண்டியது இதுதான். கிராம சபையோ, பகுதி சபையோ, அடுத்த கூட்டத்துக்குப் போங்க. நம்ம கழிவுநீரும் குப்பையும் எந்த ஓடைக்குப் போகுதுன்னு கேளுங்க. அதை வைப்பாற்றில் சேராம தடுக்கத் தீர்மானம் கொண்டு வாங்க. தீர்மான நகலைக் கையில வாங்காம வீட்டுக்கு வராதீங்க. ஆத்தோட முடிவுல இருக்கிற மீனவருக்கு நாம கொடுக்கிற முதல் தோள் அதுதான்.



#வைப்பாறு #மன்னார்வளைகுடா #நாரணாபுரம்