கிரீன் கார்டும் மருத்துவப் பரிசோதனையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் வெளிநாட்டுத் தொடர்புக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு காலத்தில் நம்மூரில் பயணம் என்றால் அது கொழும்பையும் ரங்கூனையும் பினாங்கையும் குறிக்கும். பின்னர் வளைகுடா வந்தது. இன்றோ, படிக்கச் சென்ற பிள்ளைகள் அமெரிக்காவிலேயே வேலை பெற்று, அந்நாட்டுக் குடிமக்களாகி, வாப்பாவையும் உம்மாவையும் தம்மோடு வைத்துக்கொள்ள மனுச் செய்யும் காலமாக இருக்கிறது. அப்படி மனுச் செய்த குடும்பங்கள் எங்கள் குழுவிடம் கேட்கின்ற கேள்விகளில் பெரும்பகுதி மருத்துவப் பரிசோதனையைப் பற்றியதாகவே உள்ளது. ஆகவே இவ்வாண்டு அறிக்கையோடு அதைப் பற்றியும் சற்று விரிவாகப் பேசும்படி நிர்வாகம் எங்களைப் பணித்தது.

முதலில் ஒரு சொல் விளக்கம். கிரீன் கார்டு என்பதைக் 'குடியுரிமை' என்றே நம்மவர் பலரும் சொல்லி வருகின்றனர். அது நிரந்தரமாகத் தங்கும் உரிமை மட்டுமே. குடியுரிமை அதற்குப் பின் பல ஆண்டுகள் கழித்து, தனி மனுவின் பேரில் கிடைப்பது. இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில், இருபத்தொரு வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனே தன் பெற்றோருக்கு மனுச் செய்ய முடியும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் மகனால் முடியாது.

குடியேற வருவோரை மருத்துவர் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் புதிதன்று. தொற்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் சட்டம் 1891லேயே இயற்றப்பட்டது. மறு ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து இறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி, ஐயத்திற்குரியவர்களின் சட்டையில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டனர். தடுப்பூசிச் சான்று கட்டாயமானது மிகவும் பிற்பட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அது நுழைந்தது.

இனி நமது அச்சத்திற்கு வருவோம். இந்த அச்சம் அமெரிக்காவிலிருந்து வந்ததன்று. வளைகுடாவிலிருந்து வந்தது. வளைகுடா விசாவுக்கான மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பதை நம் மஹல்லாவில் அறியாத வீடு இல்லை. என்றோ குணமான காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்ததற்காகவும், மஞ்சள் காமாலை பி கிருமி இரத்தத்தில் இருந்ததற்காகவும் கடனை வாங்கிய பணத்தோடு திரும்பி வந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அதனால் மருத்துவர் எதிரில் அமர்ந்தவுடன் நோயை மறைப்பது நமக்கு இரண்டாவது இயல்பாகி விட்டது. பேத்தியின் சம்பந்தம் கெட்டுவிடும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், சொந்த மருமகனுக்குக்கூட அந்தச் செய்தி தெரியாது.

அமெரிக்க விதிமுறை அவ்வாறு அமையவில்லை. தடை செய்யத்தக்க தொற்று நோய்களாக அதன் பட்டியலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுபவை: குணமாகாத நிலையில் உள்ள காசநோய், தொற்றும் நிலையிலுள்ள தொழுநோய், மேகப்புண், வெட்டை. எச்.ஐ.வி. 2010 ஜனவரியில் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மஞ்சள் காமாலை பி அதில் இல்லை. காசநோய்த் தழும்பும் தடையன்று. பட்டியலில் உள்ள நோய்களும் சிகிச்சை பெற்றுத் தீர்ந்தால் வழி திறந்து விடும். தடைக்குரிய நிலையை 'ஏ வகுப்பு' என்றும், குறிப்பிட்டு எழுத வேண்டிய, ஆனால் தடையாகாத நிலையை 'பி வகுப்பு' என்றும் பிரித்திருக்கின்றனர். 'பி' என்று எழுதியதைக் கண்டு கலங்கிப்போய் எங்களைத் தேடி வந்தவர்கள் உண்டு. கலங்கத் தேவையில்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவையும் இந்தத் தொற்றுநோய்ப் பட்டியலைச் சார்ந்தவையல்ல. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'அரசுக்குச் சுமையாவாரா' என்று பார்க்கும் விதி தனியாக ஒன்று உண்டு. அதன் கீழ் நாட்பட்ட நோய்களையும் அவற்றின் மருத்துவச் செலவையும் கருத்தில் கொள்ளுமாறு 2025 நவம்பரில் அந்நாட்டு வெளியுறவுத் துறை தன் தூதரகங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. ஆகவே வயது முதிர்ந்த பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள், அவர்களது மருத்துவச் செலவை ஏற்கத் தமக்குள்ள வசதியையும் காப்பீட்டையும் பற்றிய ஆவணங்களை ஆயத்தமாக வைத்திருப்பது நலம்.

காசநோய்ப் பரிசோதனையைச் சற்று விளக்குவோம். இந்தியாவில் பரிசோதிக்கப்படுபவர் பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவராயின் மார்பு எக்ஸ்ரே கட்டாயம். இரண்டு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை செய்வர். அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'இக்ரா' என்கின்றனர். நமக்குப் பழகிய சொல்லாக இருப்பதால் மறக்காது! கையில் ஊசி குத்தி வீக்கத்தை அளக்கும் பழைய முறையில், சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. ஊசியே சிலருக்கு நோய் போலக் காட்டிவிடும். இந்த இரத்தப் பரிசோதனையில் அத்தொல்லை இல்லை. அமெரிக்காவுக்குள்ளேயே மனுச் செய்வோருக்கும் 2018 அக்டோபர் முதல் இதுவே நடைமுறை.

எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தாலோ, முன்பு காசநோய் இருந்ததாக ஒருவர் கூறினாலோ, மூன்று நாள் தொடர்ந்து சளி எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவர். அதன் முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகும். கிருமி இல்லை என்று வந்தால் பயணம் செய்யலாம். இருந்தால் நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை உட்கொண்டு, சிகிச்சை முடிந்தபின் செல்லலாம். உண்மையைச் சொல்வதற்கு நாம் கொடுக்கும் விலை, நோய் குணமானவரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இந்த இரண்டு மாதம்தான்.

மறைப்பதன் விலை வேறு. விசாவுக்காக முக்கியமான விவரம் ஒன்றை வேண்டுமென்றே பொய்யாகக் கூறியவர் என்று தீர்மானிக்கப்பட்டால், அத்தடைக்கு அந்தச் சட்டத்தில் கால எல்லையே கிடையாது. விலக்கு கேட்கலாம் என்பர். ஆனால் அந்த விலக்கு, மனுதாரரின் கணவன், மனைவி, தாய், தந்தை ஆகியோரில் ஒருவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உடையவராகவோ இருந்து, அவர் பெருந்துன்பம் அடைவார் என்று காட்டினால்தான் பரிசீலிக்கப்படும். பிள்ளைகளின் துன்பம் அக்கணக்கில் சேராது. மகன் அழைத்துச் செல்லும் வாப்பாவுக்கு அங்கே வேறு யார் இருக்கப் போகிறார்கள்? ஆகவே குணமான நோயை மறைத்து, குணமாகாத குற்றம் ஒன்றைத் தேடிக்கொள்வதாகவே இது முடியும்.

நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர். 'வாப்பா, அதைச் சொல்லிடாதீங்க' என்று பிள்ளைகள் தொலைபேசியில் மன்றாடினர். அவரோ, 'எழுபது வயசுல நான் கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்லணுமா?' என்று கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார். பழைய சிகிச்சை அட்டை கிடைக்கவில்லை. மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். மூன்று நாள் சளி கொடுத்தார். இரண்டு மாதம் காத்திருந்தார். பயணச்சீட்டை ஒருமுறை மாற்ற நேர்ந்தது. இப்போது அங்கே பேரப்பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவரது அனுமதி பெற்றே, பெயரைத் தவிர்த்து, இதனைக் கூறுகிறோம்.

பரிசோதனையை யார் செய்வது? இங்கிருந்து செல்வோர், அமெரிக்கத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும். சென்னையிலும் அத்தகையோர் உள்ளனர். எத்தனை பெரிய மருத்துவராயினும் பட்டியலில் இல்லாதவர் தரும் சான்று செல்லாது. அமெரிக்காவுக்குள் இருந்து மனுச் செய்வோர் 'சிவில் சர்ஜன்' எனப்படும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் நாட்டில் அரசு மருத்துவமனைப் பதவி ஒன்றுக்கும் அதே பெயர் இருப்பதால், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நின்றவரும் உண்டு! அங்கே அது குடியேற்றத் துறை நியமித்த மருத்துவரைக் குறிக்கும். அவர் ஐ-693 என்ற படிவத்தை நிரப்பி, உறையிலிட்டு ஒட்டித் தருவார். அந்த உறையை நாம் பிரித்தல் கூடாது. நமக்கென்று ஒரு நகலை முன்னதாகவே கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் 2 முதல் இப்படிவத்தை ஐ-485 மனுவோடு சேர்த்தே அனுப்ப வேண்டியுள்ளது. 2025 ஜூன் மாத அறிவிப்பின்படி, எந்த மனுவோடு அனுப்பினோமோ அம்மனு நிலுவையில் உள்ளவரைதான் அது செல்லும். மனு தள்ளுபடியானாலோ திரும்பப் பெறப்பட்டாலோ மறுபடியும் பரிசோதனைதான். கட்டணத்தை அந்நாட்டு அரசு நிர்ணயிப்பதில்லை. மருத்துவருக்கு மருத்துவர் வேறுபடும். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துச் செல்வது சிக்கனம்.

தடுப்பூசிக்கு வருவோம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, இளம்பிள்ளை வாதம், இரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், மஞ்சள் காமாலை பி, சின்னம்மை எனப் பட்டியல் நீளும். வயதிற்கு ஏற்பக் கூடும், குறையும். 1957க்கு முன் பிறந்தவர்களுக்குத் தட்டம்மைக் கூட்டு ஊசி தேவையில்லை. முதியோருக்கு நிமோனியாத் தடுப்பூசி சேரும். கொரோனாத் தடுப்பூசி 2021 அக்டோபரில் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவுக்குள் மனுச் செய்வோருக்கு 2025 ஜனவரி 22 முதல் அது கேட்கப்படுவதில்லை.

'எங்கள் பிள்ளைக்கு அரசு ஊசி எல்லாம் போட்டாயிற்றே, இன்னும் ஏன்?' என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தொடங்கிய பெரும் முகாமில் போடப்பட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய ஊசி. பொன்னுக்கு வீங்கி அதில் அடங்கவில்லை. அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்துக் கேட்கிறது. சின்னம்மை ஊசி நமது அரசுத் திட்டத்தில் இல்லை. மஞ்சள் காமாலை பி அடங்கிய ஐந்து நோய்க் கூட்டு ஊசி தமிழகத்தில் 2011 டிசம்பரில்தான் வந்தது. எனவே அதற்கு முன் பிறந்த பலரிடம் அதற்கான பதிவு இராது.

பதிவு இல்லையெனில் இரண்டு வழிகள். ஒன்று, மீண்டும் போட்டுக்கொள்வது. மற்றொன்று, எதிர்ப்புச் சக்தி உள்ளதா என்று இரத்தத்தில் பார்ப்பது. தட்டம்மை, மஞ்சள் காமாலை பி, சின்னம்மை போன்றவற்றிற்கு இது ஏற்கப்படும். பல தவணை ஊசிகளை எல்லாம் முடித்த பின்னரே செல்ல வேண்டும் என்பதில்லை. அன்று போடத்தக்க தவணையைப் போட்டுக்கொண்டால், அடுத்ததற்கு இடைவெளி போதவில்லை என்று மருத்துவர் எழுதிவிடுவார். கர்ப்பிணிகளுக்குத் தட்டம்மைக் கூட்டு ஊசியும் சின்னம்மை ஊசியும் போடலாகாது. அதற்கும் விலக்கு உண்டு. இவ்விரு ஊசிகளையும் ஒரே நாளில் போடலாம், தவறினால் இருபத்தெட்டு நாள் இடைவெளி வேண்டும். தட்டம்மைக் கூட்டு ஊசி போட்ட சில வாரங்களுக்கு 'இக்ரா' பரிசோதனை சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதால், இரத்தம் கொடுத்த பின் ஊசி போட்டுக்கொள்வது உசிதம்.

சில நிறுவனங்களின் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்ந்துள்ளதே என்று சகோதரிகள் எழுதிக் கேட்டிருந்தனர். செய்தி உண்மையே. 1995இல் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு குவைத்தில் கூட்டிய கருத்தரங்கில், நூற்றுக்கும் மேற்பட்ட மார்க்க அறிஞர்கள் இதனை ஆராய்ந்து, மூலப்பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிடுவதால் அது ஆகுமானதே எனக் கருத்துரைத்தனர். மேற்கொண்டு ஐயமிருப்பின் நமது உலமாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். அது எங்கள் பணியன்று. ஆனால் சட்டத்தைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. மத நம்பிக்கையின் பேரில் ஐ-601 படிவத்தின் வழி விலக்கு கேட்க இடமுண்டு. எல்லாத் தடுப்பூசிகளையும் எந்த வடிவிலும் எதிர்ப்பவராகவும், அவ்வெதிர்ப்பு உளப்பூர்வமானதாகவும் இருத்தல் வேண்டும். ஒரே ஒரு ஊசியை மட்டும் மறுப்பவருக்கு அது பொருந்தாது. பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்தும், ஹஜ்ஜுக்கு முன் மூளைக் காய்ச்சல் தடுப்பூசியும் ஏற்றுக்கொண்ட குடும்பம் அவ்விலக்கைக் கோருவது எங்ஙனம் என்பதைத் தாங்களே சிந்தித்துக்கொள்ளுங்கள்.

அங்கே படிக்கும் இளைஞர்களின் பெற்றோருக்கு ஒரு சொல். கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதித்திருப்பினும், குடியேற்ற விவகாரத்தில் மத்திய அரசின் சட்டமே செல்லும். அப்பழக்கம் நோயாகப் பதிவானால் 'ஏ வகுப்பு' ஆகும். விட்டொழித்துப் பன்னிரண்டு மாதம் கழிய வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானாலும் மருத்துவர் துருவித் துருவிக் கேட்பார்.

இங்கிருந்து செல்வோரின் பரிசோதனை பொதுவாக ஆறு மாதமே செல்லும் என்பதால் நேர்காணல் தேதி தெரியுமுன் அவசரப்பட வேண்டாம். காசநோய் கண்டு குணமானவர்கள் மட்டும், சளிப் பரிசோதனைக்கான எட்டு வாரத்தை மனத்தில் கொண்டு நாள் குறிப்பது நல்லது. பெண் மருத்துவரோ பெண் உதவியாளரோ வேண்டுமெனில் முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பழைய எக்ஸ்ரே, காசநோய்ச் சிகிச்சை அட்டை, ஹஜ் தடுப்பூசி அட்டை ஆகிய எதுவாயினும் வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து எடுத்து எறிந்துவிடாதீர்கள். அவற்றை எங்களிடம் கொண்டு வந்தால் நகலெடுத்து, மூலத்தைக் கையோடு திருப்பித் தருகிறோம். நோய் பற்றிய காகிதங்களைக் குழுவில் ஒருவரே பார்ப்பார். பேரேட்டில் அவை ஏறா. வெள்ளிக்கிழமைகளில் மஃரிபுக்குப் பின் மதரஸா மாடியில் இருப்போம். தாய்மார்கள் வருவதாயின் முன்கூட்டியே சொல்லியனுப்பினால், எங்கள் வீட்டுப் பெண்கள் உடனிருப்பார்கள். வஸ்ஸலாம்.