சாவி யாரிடம் இருக்கிறது?

திருவண்ணாமலையிலிருந்து பேசுகிறேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டால் பொறுத்துக்கோங்க. நாளைக்குப் பௌர்ணமி, இன்னைக்கே கூட்டம் வர ஆரம்பிச்சாச்சு.

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பூசாரி, சாமியார், தலைவர் யாருமே இல்லாம ஒரு வழிபாட்டுக் கூட்டம் எப்படிங்க நடக்கும்?" பதிலுக்கு முன்னாடி எங்கள் கதையைச் சொல்லிடறேன்.

நாங்கள் ஒரு இருபது பேர். ஞாயிறு காலையில் ஒரு மாடி ஹாலில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருவோம். பிரசங்கம், பஜனை கிடையாது. முடிஞ்சதும் டீ. பதினோரு வருஷம் இதை நடத்தியது ஒரு அக்கா. ஹால் சாவி, வாடகை, பாய் விரிக்கிறது, பால் வாங்குறது, வராதவங்களுக்குப் போன் போட்டு விசாரிக்கிறது, எல்லாம் அவங்கதான். நாங்க வருவோம், கண்ணை மூடுவோம், டீ குடிப்போம், போவோம்.

ஒருநாள் அக்கா வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. அந்த ஞாயிறு பதினெட்டு பேர் மாடிப்படியில் நிக்கிறோம். சாவி எங்கேன்னு யாருக்கும் தெரியலை. ஹால் ஓனர் நம்பரும் யாரிடமும் இல்லை. பார்க்கப் போனபோது, ஏதோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்ச மாதிரி, "எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிட்டீங்களேக்கா" என்றேன். படுத்தபடியே என்னைப் பார்த்தாங்க.

"யாராச்சும் ஒருநாள் கேட்டீங்களாப்பா?"

அதுக்கப்புறம்தான் குவேக்கர்களைப் பற்றித் தேடிப் படிச்சேன். 1650களில் இங்கிலாந்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்தில் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம். தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். நமக்கு ரொம்ப அந்நியம்னு நினைக்காதீங்க. மார்ஜரி சைக்ஸ் 1928இல் சென்னைக்கு வந்து பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர், தமிழ் கற்றவர். இங்கே வந்தபிறகுதான் குவேக்கர் ஆனார். காந்தியின் சேவாகிராமத்தில் வேலை செய்தார், பிறகு கோத்தகிரியில் வாழ்ந்தார். ஒன்று சொல்லணும்: கென்யாவில் ஏராளமான குவேக்கர்கள் இருக்காங்க, அங்கே பாஸ்டர் உண்டு, பாட்டு உண்டு. நான் சொல்றது பாஸ்டர் இல்லாத மௌனக் கூட்டங்களை.

அங்கே வேலை எப்படிப் பிரியுது? கூட்டத்தை ஒருங்கிணைக்கிறவருக்கு 'கிளார்க்' என்று பேர். பேரே அவ்வளவுதான், தலைவர் இல்லை. இன்னொருத்தர் கணக்கு. வாசலில் நின்று வரவேற்க ஒருத்தர், நோயாளிகளைப் போய்ப் பார்க்கச் சிலர், மௌனம் கெடாமல் பார்த்துக்கச் சிலர். பெரும்பாலும் மூணு வருஷம். இன்னொரு மூணு வருஷம் நீட்டலாம், அதோட கைமாத்திடணும்னு வழக்கம்.

எனக்குப் பிடிச்சது ஆளைத் தேடுற விதம். "யார் செய்றீங்க?"ன்னு கூட்டத்தில் கேட்கிறதில்லை. அப்படிக் கேட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்: எல்லாரும் தரையைப் பார்ப்போம், மனசு கேட்காத ஒருத்தர் கை தூக்குவார். அங்கே இதுக்கென்றே ஒரு சின்னக் குழு. யாருக்கு எது வரும்னு உட்கார்ந்து யோசிச்சு, தனியாப் போய்க் கேட்பாங்க. முடியாதுன்னா முடியாதுதான், வற்புறுத்தல் இல்லை. சரின்னு சொன்ன பேரைக் கூட்டம் முழுக்க ஏத்துக்கணும். ஓட்டெடுப்பு கிடையாது. கருத்து வேறுபட்டால் கொஞ்ச நேரம் மௌனமா இருந்துட்டு மறுபடி பேசுவாங்க. முடிவை அங்கேயே எழுதி, அங்கேயே வாசிச்சு, எல்லாரும் ஒப்புக்கணும். ரொம்ப மெதுவான முறைங்க, அதை மறைக்க மாட்டேன்.

நம்ம ஊரிலேயே வேறொரு பதில் இருக்கு. ரமணாசிரமம். அங்கேயும் மௌனம்தான் பிரதானம். ஆனா ஆசிரமம் வளர வளர, சமையல், மாட்டுத் தொழுவம், கட்டட வேலை, புத்தகம் போடுறதுன்னு எல்லா நிர்வாகமும் ஒரே கைக்கு வந்தது: ரமணரின் தம்பி நிரஞ்சனானந்த சுவாமி, சர்வாதிகாரி என்ற பட்டத்தோடு. 1938இல் உயில் எழுதி நிர்வாகத்தைக் குடும்ப வழியில் தொடரும்படி செய்தார்கள். நிர்வாகம் தம்பி கையில் இருந்தாலும், ரமணர் பல வருஷம் விடியறதுக்கு முன்னாலேயே சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கார். பந்தியில் மத்தவங்களுக்கு என்னவோ அதுதான் தனக்கும் என்பதில் பிடிவாதமா இருந்தார். தினமும் பந்தி பந்தியாச் சாப்பாடு போடுற இடத்துக்கு ஒருத்தர் முடிவெடுக்கிறது பொருந்தலாம். இருபது பேருக்கு அது பொருந்தாதுன்னு அக்கா விழுந்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

அதனால் குவேக்கர் முறையைக் கொஞ்சம் கடன் வாங்கினோம். மூணு பேர் உட்கார்ந்து யோசிச்சோம். பால், பாய் வேலைக்கு ஒரு ஆட்டோ ஓட்டுற தம்பி. சாவிக்கு ரெண்டு பேர், ஆளுக்கொண்ணு. ரிட்டயர்டு ஆசிரியர் ஒருத்தரைக் கணக்குக்குக் கேட்டோம், "முடியாதுங்க" என்றார், விட்டுட்டோம். அது என் தலையில் வந்தது.

அக்காவோட பழைய நோட்டைப் பிரிச்சேன். உண்டியலில் விழுந்தது ஒரு பக்கம், வாடகை இன்னொரு பக்கம். பல மாசம் ரெண்டும் ஒத்துப்போகலை. துண்டு விழுந்ததைத் தன் கையிலிருந்து போட்டிருக்காங்க, யாரிடமும் சொல்லாமல். நோட்டை எடுத்துக்கிட்டு எல்லார் முன்னாடியும் வாசிச்சேன். ரொம்ப நேரம் யாரும் பேசலை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம், வாங்கலை. இப்போ ஒவ்வொரு மாசமும் வரவு செலவைச் சுவரில் ஒட்டிடறோம்.

அக்கா இப்போ வாக்கரோட வர்றாங்க. மாடி ஏற முடியாதுன்னு கீழ் போர்ஷனுக்கு மாறிட்டோம், அதை முடிவெடுக்க எங்களுக்கு ரெண்டரை மாசம் ஆச்சு. (சிரிப்பு) டீயில் இஞ்சி பத்தலைன்னா அவங்க முகம் மாறும், ஆனா எழுந்து போய் அடுப்புப் பக்கம் நிக்கிறதில்லை. அது அவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

வர்ற தை மாசத்தோட எனக்கு மூணு வருஷம் முடியுது. நேத்து ராத்திரி நோட்டில் புதுசாக் கோடு போட்டுக்கிட்டிருந்தேன். என் மாதிரி சுத்தமா யார் எழுதப் போறாங்கன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. அடுத்த ஆளைத் தேடச் சொல்லி அந்தக் குழுவுக்கு இன்னும் நான் சொல்லலை.