கருவுறும் வயதும் ஊராரின் கடமையும்

(ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நான் வழக்கமாக உங்கள் முன் நிற்பவன். இன்று, பெண்கள் கருவுறும் வயதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது பெண்டிர் பேச வேண்டிய செய்தி, இவருக்கு இதில் என்ன வேலை?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் கேட்டது நியாயமே. ஆயினும், ஒரு பெண் எந்த வயதில் தாயாகிறாள் என்பதை மருத்துவர் முடிவு செய்வதில்லை. திண்ணையிலும் களத்துமேட்டிலும் அமர்ந்து பெரும்பாலும் ஆண்களாகிய நாம்தாம் முடிவு செய்கிறோம். ஆதலால் நம்மிடமே இதைப் பேச வேண்டியிருக்கிறது.

உங்களில் பலர் கறவை மாடு வளர்ப்பவர்கள். கலப்பினக் கிடேரி முதன்முறை பருவத்துக்கு வந்தவுடன் சினை ஊசி போடச் சொல்வீர்களா? மாட்டீர்கள். "உடம்பு தேறட்டும், 250 கிலோ எடையாவது வரட்டும்" என்று கால்நடை மருத்துவர் சொல்வார், நீங்களும் காத்திருப்பீர்கள். அவசரப்பட்டால் கன்று ஈனும்போது இடர் நேரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பெண் மக்களைக் கால்நடையோடு ஒப்பிடுவது முறையன்று. தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். கிடேரிக்குக் காட்டும் பொறுமையை மகளுக்கு ஏன் காட்டவில்லை என்று கேட்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

பூப்பெய்திவிட்டதனாலேயே ஒரு பெண்ணின் உடல் முழு வளர்ச்சி பெற்றுவிடுவதில்லை. அதன் பின்னும் சில ஆண்டுகள் எலும்புகள் வளர்கின்றன. பிள்ளை வெளிவர வேண்டிய இடுப்பெலும்பும் மெல்ல விரிகிறது. 15, 16 வயதில் கருவுற்றவளின் உடல், தன் வளர்ச்சிக்கும் சிசுவின் வளர்ச்சிக்கும் ஒருங்கே உணவு தேட வேண்டியதாகிறது. நம் பெண்களுள் பலருக்கு இரத்தசோகை முன்பே உண்டு. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமாவது இருத்தல் வேண்டும். 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வருவது, 20 வயதைக் கடந்த தாய்மாரைவிட இச்சிறுமியருக்கே அதிகம். மாதம் நிறையாமலும், 2½ கிலோ எடைகூட இல்லாமலும் பிள்ளை பிறப்பதும் இவர்களிடையே அதிகம்.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு வட்டாரத்தில் பணிபுரிந்து வந்தேன். நன்கு பழகிய ஒரு குடும்பத்தார் தம் மகள் திருமணத்துக்கு அழைத்தார்கள். பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி ஓராண்டுதான் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன், மொய் எழுதினேன், விருந்துண்டு திரும்பினேன். மறு ஆண்டு அப்பெண் ஏழாம் மாதத்தில் வலிப்புக் கண்டு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். பிள்ளை 1 கிலோ 400 கிராம் எடையோடு பிறந்து ஒன்பது நாள் இருந்தது. தாய் பிழைத்தாள். "சார், நீங்கள்கூட வந்து வாழ்த்தினீர்களே" என்று அவள் தந்தை என்னிடம் சொன்னார். அவர் குறை சொல்லவில்லை; ஆறுதல் தேடித்தான் சொன்னார். எனக்கோ அது இன்றும் ஆறாத புண். குழந்தைத் திருமணத்தை நடத்துவோர்க்கு மட்டுமன்றி, அதில் கலந்துகொள்வோர்க்கும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நான் உண்ட விருந்து அத்தகையது.

சட்டம் புதிதன்று. 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என வரையறுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் மணவயதை உயர்த்த வாதாடிய காலம் அது. 1978-இல் அவ்வயது 18 ஆயிற்று. ஆயினும், 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களுள் 100-க்குச் சுமார் 13 பேர் 18 நிறையுமுன்பே மணமானவர்கள். அதே கணக்கெடுப்பில், பிரசவங்களுள் 100-க்கு 99-க்கு மேல் மருத்துவ நிலையங்களில் நடந்திருக்கின்றன. எனவே மருத்துவமனை இல்லாத குறையன்று இது.

பெற்றோர் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் வெளியூர் போகிறவர்கள், வயதுவந்த பெண்ணை எவரிடம் விட்டுச் செல்வது என்று அஞ்சுகிறார்கள். பெண் எவனையேனும் விரும்பிவிடுவாளோ என்ற அச்சம் வேறு. தாய்மாமன் காத்திருக்கிறான் என்பார்கள். படிக்கவைத்தால் படித்த மாப்பிள்ளைக்குச் சீர் மிகுதியாகும் என்பார்கள். இவ்வச்சங்களுக்கு அறிவுரை மட்டும் மருந்தாகாது. பத்தாம் வகுப்போடு நின்ற பெண்கள் யார் யார் என்று வார்டு உறுப்பினர் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் வீடு வீடாகக் கேட்டறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. அதைப் பற்றி அப்போதே எடுத்துச் சொல்லலாம். திருமண ஏற்பாடு நடப்பது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

நிற்க. திருமணம் நடந்தேறி, பெண்ணும் கருவுற்றுவிட்டாள். இனி என் செய்வது? இங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. 18 நிறையாத பெண் கருவுற்றதை அறிந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு அஞ்சி வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள். அல்லது ஐந்தாறு மாதம் வரை செவிலியர் கண்ணிலேயே காட்டுவதில்லை. அச்சிறுமிக்கு மிகுந்த கவனிப்பு வேண்டிய மாதங்கள் அவ்வாறு கழிகின்றன. வழக்கு வரின் வரட்டும். அதைப் பெரியவர்கள் எதிர்கொள்ளட்டும். உண்மை வயதைச் சொல்லி 3 மாதத்துக்குள் அவளைப் பதிவு செய்யுங்கள். வழக்கைக் காட்டி அவளுக்குச் சிகிச்சையை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.

மறைப்பது இளையவர்கள் மட்டுமன்று. என் வட்டாரத்தில் 42 வயதுத் தாய் ஒருவர் இருக்கிறார். மாதவிலக்கு நின்றதும், வயதினால் நின்றது என்றே எண்ணியிருந்தார். வயிறு அசைந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மூத்த மகளும் அப்போது கருவுற்றிருந்தாள். "பேரன் எடுக்கும் வயதில் பிள்ளையா" என்று ஊர் சிரிக்குமே என வெளியில் வரவேயில்லை. கால் வீங்கிக் கிடந்தவரைக் கிராம சுகாதாரச் செவிலியர் தற்செயலாகக் கண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தாயும் சேயும் நலம்.

35 வயதுக்கு மேல் கருவுற்றால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தோன்றுவது அதிகம். பல பிள்ளை பெற்றவருக்குப் பேற்றின் பின் உதிரப்போக்கு நிற்காமற் போவதுண்டு. டவுன் நோய்க்குறியோடு பிள்ளை பிறப்பது, 20 வயதுத் தாய்மாரிடையே சுமார் 1,500 பேருக்கு ஒன்று. 40 வயதில் சுமார் 100 பேருக்கு ஒன்று. அஞ்ச வேண்டா, இவ்வயதில் நலமாகப் பெற்றவர் பலர். ஆனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் முதலிலிருந்தே சோதிக்கப்பட வேண்டும். கரு வேண்டாமெனில் 20 வாரத்துக்குள் மருத்துவரிடம் சட்டப்படி கலைத்துக்கொள்ள வழியுண்டு. கடையில் மாத்திரை வாங்கி விழுங்குதல் கூடாது. மேலும், ஆண்களே, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை உங்களுக்குத்தான் எளிது. மனைவியை அனுப்பிவிட்டு மாட்டைப் பார்க்கப் போகிறீர்கள்.

அந்த 42 வயதுத் தாயிடம், ஏன் முன்னரே வரவில்லை என்று செவிலியர் கேட்டாராம். "துணைச் சுகாதார நிலையத்துக்கு எதிரே டீக்கடை இருக்கிறதே, அம்மா; வாசலில் நின்றால் ஊரே பார்க்கும்" என்றாராம். இதை நான் யோசித்ததே இல்லை. அந்நிலையத்தின் முன்னே ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவரும் பின்புறமாக ஒரு வழியும் அமைக்க மதிப்பீடு தயாரிக்கும்படி ஓவர்சியரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர் நிலையங்களின் வாசல் எதை நோக்கி இருக்கிறது என்று நாளை காலை பார்த்துவிட்டு எனக்கு எழுதியனுப்புங்கள்.