தபாலில் நடந்த சங்கமும் திரையில் நடக்கும் மாநாடும்

(காக்ஸ் டவுனில் நம் கிளையின் கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து நிமிஷம் பேசினால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு நாற்பத்தைந்து நிமிஷப் பீரியட் என்பது ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். முடிந்தவரை சுருக்குகிறேன்.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இரண்டு கடிதங்கள் காரணம். ஒன்று அமெரிக்காவில் இருக்கும் ஓர் அங்கத்தினர் எழுதியது. அவருடைய பெண்ணுக்கு ஒரு 'ஹானர் சொஸைட்டி'யிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நன்றாகப் படிக்கும் மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சங்கமாம். சேருவதற்குக் கட்டணம் உண்டு, வருஷாந்திர மாநாடு இணையத்தில் நடக்கும், அதில் கட்டுரை வாசிக்கலாம். "மாமா, பணம் கட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருந்தார். இன்னொன்று நாக்பூரிலிருந்து வந்தது. பிள்ளை என்ஜினியரிங் படிக்கிறான். சர்வதேச இணையவழிக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை கொடுத்தானாம். மறுநாளே ஏற்றுக்கொண்டு, கட்டணம் கட்டினால் சர்டிபிகேட் தருவதாகச் சொன்னார்களாம். தகப்பனாருக்கு அந்த வேகத்தில்தான் சந்தேகம்.

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

1906-ஆம் வருஷம் கடைசியில், இப்போது ஆந்திராவில் இருக்கும் குத்தி என்ற ஊரில் வி. ராமஸ்வாமி ஐயர் என்பவர் டெபுடி கலெக்டராக இருந்தார். கணக்கில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். மாணவராக இருந்தபோதே இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்குக் கணக்குகள் எழுதி அனுப்புவாராம். எழுதுகிறவர் காலேஜ் புரொபசர்தான் என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். கடைசிவரை அவருக்கு 'புரொபசர்' என்ற பெயர் நின்றுவிட்டது! இந்த மாதிரி ஒருவர் குத்தியில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வார்? புஸ்தகம் இல்லை, வெளிநாட்டுப் பத்திரிகை இல்லை, பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை. பல ஊர்களில் இருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் எழுதினார். எல்லோரும் சந்தா போடுவோம், பத்திரிகைகளும் புஸ்தகங்களும் வரவழைப்போம், தபாலில் ஒருவருக்கொருவர் சுற்றுக்கு விடுவோம் என்பது அவர் யோசனை. 1907 ஏப்ரலில் 20 பேரோடு சங்கம் ஆரம்பமாயிற்று. முதலில் 'அனலிடிக் கிளப்' என்று பெயர். 1910-லிருந்து இந்தியன் மேத்தமேட்டிகல் சொஸைட்டி. இன்றைக்கும் இருக்கிறது.

அங்கத்தினர்கள் ஆளுக்கு ஓர் ஊர். புஸ்தகசாலை புனாவில் பெர்குஸன் காலேஜில். எல்லோரும் கூடிய முதல் மாநாடு 1916-ல்தான் சென்னையில் நடந்தது. அதாவது முதல் ஒன்பது வருஷம் மாநாடே இல்லாமல் தபால்பெட்டி மூலமாக நடந்த சங்கம் அது. இப்போது 'வர்ச்சுவல்' என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதை அரையணாத் தபால்தலையில் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியர் யார் தெரியுமோ? நம்முடைய பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் கணிதப் பேராசிரியராக இருந்த எம்.டி. நாராயண ஐயங்கார். இங்கிருந்து ஆட்டோவில் போனால் அரை மணி. டிராபிக் இருந்தால் நான் பொறுப்பில்லை. அந்த மேஜைக்குத்தான் 1911-ல், எந்தப் பட்டமும் உத்தியோகமும் இல்லாத ஒரு கும்பகோணத்துப் பையன் கணக்குகளை அனுப்பினான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவனுக்குக் கிடைத்த உதவித்தொகை, கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கோட்டை விட்டதால் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எப்.ஏ. தேறவில்லை. பெயர் ராமானுஜன்.

அவர் அந்தப் பத்திரிகையில் கேட்ட ஒரு கேள்வியைக் குழந்தைகளுக்காகச் சொல்கிறேன். வர்க்க மூலத்துக்குள் வர்க்க மூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகும். முதல் மூலத்துக்குள் 1, அதோடு 2 மடங்கு அடுத்த மூலம். அதற்குள் 1, அதோடு 3 மடங்கு அதற்கடுத்த மூலம். இப்படியே 4, 5 என்று போய்க்கொண்டே இருந்தால் மொத்தத்தின் மதிப்பு என்ன? மூன்று இதழ்கள், ஆறு மாசம் காத்திருந்தார்கள். ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் ராமானுஜனே சொன்னார். விடை 3. வெறும் மூன்று! ஏன் மூன்று என்பதை அகத்துக்குப் போய் யோசியுங்கள். பத்தாம் வகுப்புப் பையனால் முடியும்.

அதே வருஷம் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரையும் அந்தப் பத்திரிகையில் வந்தது. அது சுலபமாக வரவில்லை. பையன் எழுதியது படிக்கிறவர்களுக்குப் புரியவில்லை. பாதிப் படிகளை மனசுக்குள்ளேயே போட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதினால் எப்படிப் புரியும்? நாராயண ஐயங்கார் திருப்பி அனுப்பினார். அவர் திருத்தி அனுப்பினார். மறுபடி திரும்பிற்று. இப்படிப் பல தடவை. ஒரு வாத்தியாராக எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. மேதையைக் கண்டுபிடித்தவர்கள் என்று வேறு பலரைச் சொல்வார்கள். பொறுமையாக உட்கார்ந்து, "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது, எழுது" என்று கேட்டவரை யாரும் அதிகம் பேசுவதில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். 1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போய், அப்போது அங்கே இருந்த ராமஸ்வாமி ஐயரிடம் குமாஸ்தா வேலைதான் கேட்டார். நோட்டுப் புஸ்தகத்தைப் பார்த்த ஐயர், இவரைத் தாலுகா ஆபீஸில் முடக்குவது பாபம் என்று நினைத்துச் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். 1912-ல் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, சங்கத்தின் பொருளாளர் எஸ். நாராயண ஐயர்தான் அங்கே அவருக்கு மேலதிகாரி. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போவதற்கு முன்னால் இத்தனை பேர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அத்தனை பேரும் இந்தக் கணித வட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்கள்.

இப்போது அந்த அமெரிக்கக் கடிதத்துக்கு வருகிறேன். ஹானர் சொஸைட்டி என்பது அங்கே பழைய ஏற்பாடு. பை பீட்டா கப்பா என்ற சங்கம் 1776-ல் ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான நேஷனல் ஹானர் சொஸைட்டிக்கு 1921-லிருந்து சரித்திரம் இருக்கிறது. கணிதத்துக்கென்றே பை மு எப்ஸிலான் 1914-லிருந்து இருக்கிறது. இவை கௌரவமானவை, சந்தேகமில்லை. ஆனால் கௌரவமான பெயரைப் பார்த்து அதே சாயலில் கடை விரிக்கிறவர்களும் உண்டு. நான் அவருக்குச் சொன்ன யோசனை சுலபமானது. உங்கள் பெண்ணின் கல்லூரியிலேயே அந்தச் சங்கத்துக்குக் கிளை இருக்கிறதா? அதைக் கவனிக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அவளையே போய் அவரிடம் பேசச் சொல்லுங்கள். ஆசிரியர் இல்லை, கிளை இல்லை, கட்டணம் கட்டும் பக்கம் மட்டும் இருக்கிறது என்றால் அந்தப் பணத்தில் அவளுக்கு நல்ல புஸ்தகம் வாங்கிக் கொடுங்கள்.

நாக்பூர்க்காரருக்கும் ஏறக்குறைய இதே பதில்தான். கட்டுரையை ஒருவர் படித்தார் என்பதற்கு அடையாளம், அதில் ஏதாவது குறை சொல்லியிருப்பார். ஒரே நாளில், ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் யாரும் படிக்கவில்லை. இயற்பியல், வணிகவியல், யோகா, நானோ டெக்னாலஜி எல்லாம் ஒரே கருத்தரங்கில் என்றால் அது கருத்தரங்கு இல்லை, சந்தை. வந்தவர்களுக்கெல்லாம் 'சிறந்த கட்டுரை' விருது என்றால் கேட்கவே வேண்டாம்.

நல்ல மாநாடு எப்படி இருக்கும்? 2020 டிசம்பரில் கொரோனா காரணமாக, நான் சொன்ன அதே மேத்தமேட்டிகல் சொஸைட்டியின் 86-ஆவது ஆண்டு மாநாடு, வேலூர் வி.ஐ.டி. பொறுப்பில் முழுக்க இணையத்தில் நடந்தது. 1907-ல் தபாலில் ஆரம்பித்த சங்கம் மறுபடி ஒரு வட்டம் சுற்றி அங்கேயே வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த மாநாட்டில் வருஷாவருஷம் கட்டுரைப் போட்டி உண்டு, பரிசும் உண்டு. நம் குழந்தைகளில் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. படிப்பவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண், எம்.எஸ்ஸி. கணிதம். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவாள். 2021-ல் ஓர் இணையவழிக் கருத்தரங்கில் பன்னிரண்டு நிமிஷம் பேசினாள். நடுவில் வாசலில் வெங்காய வண்டி ஒலிபெருக்கி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். கடைசியில் ஒரு பேராசிரியர், "இரண்டாவது லெம்மாவில் அந்த நிபந்தனை எதற்கு? அது இல்லாமலே வருமே" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூன்று வாரம் அவளுக்குத் தூக்கம் இல்லை. நிபந்தனையை எடுத்துப் பார்த்தாள், வந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பேராசிரியருக்கு ஈ-மெயிலில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும் பதில் எழுதினார். அந்தக் கருத்தரங்கின் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டேன். "எந்த போல்டர்ல இருக்குன்னு தேடணும் மாமா" என்றாள்.

அதே பெண்ணுக்கு விஞ்ஞான அகாடமியின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். 1934-ல் சி.வி. ராமன் ஸ்தாபித்த அகாடமி, நம் சதாசிவ நகரில் இருக்கிறது. டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகளோடு சேர்ந்து மூன்றுமாக நடத்துகிறார்கள். கல்லூரி மாணவர்கள் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு இருந்து வேலை செய்யலாம். என்ன செய்ய ஆசை என்று ஒரு சிறு குறிப்பும், ஆசிரியர் சிபாரிசும் வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக வருஷக் கடைசியில் வரும். அகத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ரெண்டு மாசம் தெரியாத ஊர்லயா? ஆத்துலேருந்தே கம்ப்யூட்டர்ல பண்றதுன்னா பண்ணட்டும்." இதைத்தான் நான் வருத்தத்தோடு சொல்கிறேன். திரை வழி மாநாடு கதவைத் திறந்து விட்டது, வாஸ்தவம். ஆனால் பெண் குழந்தைகளை வாசலிலேயே நிறுத்துவதற்கு அதையே சாக்காகப் பிடித்துக்கொள்கிறோம். பையனாக இருந்தால் அன்றைக்கே ரயில் டிக்கெட் எடுத்திருப்போம் இல்லையா? அவள் அடுத்த வருஷம் தானே விண்ணப்பித்துப் போய்விட்டு வந்தாள். அது வேறு கதை.

கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு எஸ். குமரேசன் 1993-ல் ஆரம்பித்த எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் நம் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். பாடங்களைக் காசில்லாமல் கேட்கலாம். பணம் பரீட்சைக்கு மட்டும்தான், அதையும் நேரில் போய் எழுத வேண்டும். ஹெஸரகட்டா பக்கம் இருக்கும் ஐ.ஸி.டி.எஸ். நிறுவனத்தின் விரிவுரைகளும் இணையத்தில் கிடைக்கின்றன.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இந்த மேடையில் இன்றைக்குப் பரிசு வாங்குகிற அத்தனை குழந்தைகளும் 90 சதவிகிதத்துக்கு மேல் வாங்கியவர்கள். சந்தோஷம், உழைத்திருக்கிறார்கள். ஆனால் நம்முடைய இந்த விதிப்படி பார்த்தால், 1907-ல் ராமானுஜனுக்கு இந்தச் சபையில் நாற்காலி கிடைத்திருக்காது. எப்.ஏ. தேறாதவருக்கு விண்ணப்பப் பாரமே கொடுத்திருக்க மாட்டோம். ராமஸ்வாமி ஐயர் மார்க் ஷீட்டைக் கேட்கவில்லை, நோட்டுப் புஸ்தகத்தைப் புரட்டினார். கமிட்டியில் இருக்கும் நண்பர்களுக்கு இது ரசிக்காது என்று தெரியும். "எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, புகார் வருமே" என்பார்கள். வரட்டும். மார்க் பரிசு பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்திலேயே இன்னொன்று வைப்போம். தானாக ஒரு விஷயத்தை எடுத்து ஆறு மாசம் குடைந்து, நாலு பக்கம் எழுதி, நம் அங்கத்தினர்கள் முன்னால் திரையில் பதினைந்து நிமிஷம் பேசுகிற பிள்ளைக்கு அது போகட்டும். எண்பது வாங்கினாலும் சரி, ஐம்பது வாங்கினாலும் சரி.

அதற்குப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும். நம் அங்கத்தினர்களில் ரிடையரான விஞ்ஞானிகள், டாக்டர்கள், பாங்க் அதிகாரிகள், சம்ஸ்கிருத பண்டிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாலையில் டி.வி. சீரியலைத் திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பிள்ளையின் நாலு பக்கத்தை வாங்கி, சிவப்பு மசியால் கோடு போட்டு, "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டு அனுப்ப ஒரு மணி நேரம் ஆகுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை, வேலைக்கார அம்மாவின் பிள்ளை அனுப்பினாலும் வாங்கிப் படியுங்கள்.

பின்வரிசை மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெரியவர்கள் பெயர், ஊர், என்ன பாடம் பார்க்க முடியும், வாரத்தில் எந்த நாள் சௌகரியம் என்று எழுதிவிட்டு டிபனுக்குப் போங்கள். வெளியூர்க்காரர்கள் கிளை முகவரிக்கு எழுதலாம். என் பெயரைக் கணிதத்துக்கு எழுதிவிட்டேன். செவ்வாய், வியாழன் சாயங்காலம்.