வண்டிப் பெட்டியில் ஒரு பஞ்சர் கிட்
(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் பேசியது)



இன்றைக்கு விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. பாடுபட்டு விளைவித்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கிற டயரைப் பற்றிப் பேசப் போகிறேன். விடியற்காலை மல்லிகைப் பூ மூட்டையோடு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறீர்கள். வழியில் பின் சக்கரம் இறங்கிப் போகிறது. பஞ்சர் கடை திறக்க எட்டு மணியாகும். அதற்குள்ளே பூ மலர்ந்து விலை பாதியாகிவிடும். பால் கேனோடு போகிறவருக்கும் இதே கதிதான். சொசைட்டியில் வண்டி வந்து போன பிறகு கேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த இக்கட்டைத் தவிர்க்க, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஒரு சின்னப் பை போதும். ஆனால் எந்தப் பையை வாங்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது என்ன டயர் என்று தெரிந்துகொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் 'டியூப்லெஸ்' என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். டியூப்லெஸ் டயருக்கு உள்ளே டியூப் கிடையாது. டயரும் ரிம்மும் சேர்ந்தே காற்றைப் பிடித்து வைத்திருக்கும். இதில் ஆணி ஏறினால் ஆணியே அடைப்பாக நின்று காற்றை மெதுவாகத்தான் விடும். இந்த டயருக்குத்தான் ரப்பர் திரி செருகுகிற பஞ்சர் கிட். கம்பிச் சக்கரம் உள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றிலும், நம்ம பக்கத்துப் பெரும்பாலான டிராக்டர், டிரெய்லர்களிலும் டியூப்தான் இருக்கும். அதற்குத் திரி உதவாது. டியூப் டயரில் திரியைச் செருகினால் இருக்கிற ஓட்டை பெரிசாகும், அவ்வளவுதான். சிலர் டியூப்லெஸ் டயருக்குள்ளேயே டியூப் போட்டிருப்பார்கள். அதையும் டயர் மாட்டினவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடையில் என்ன பார்த்து வாங்குவது?

கிட்டில் முக்கியமாக இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று, ஓட்டையைச் சீவிச் சுத்தம் பண்ணுகிற அரம் போட்ட ஊசி. மற்றொன்று, திரியைக் கோத்து உள்ளே தள்ளுகிற ஊசி. இது சாக்குத் தைக்கிற கோணி ஊசி மாதிரி காதுள்ளது. இந்த இரண்டிலும் கைப்பிடியைத்தான் முதலில் பார்க்க வேணும். டயருக்குள்ளே கம்பி வலையும் நைலான் நூலும் இருக்கின்றன. உடம்புப் பாரம் முழுதும் கொடுத்துத்தான் தள்ள வேண்டியிருக்கும். ஸ்குரூ டிரைவர் மாதிரி நேர்ப்பிடி இருந்தால் உள்ளங்கையில் குத்தும், திருகவும் பிடி கிடைக்காது. தச்சர் வைத்திருக்கிற தமரூசி மாதிரி குறுக்கே பிடி உள்ளதாக வாங்குங்கள். பிளாஸ்டிக் பிடியானால் பாதியில் உடைந்து கையைக் கிழித்துவிடும். இரும்புப் பிடியாக, ஊசி அதில் உறுதியாகப் பதிந்ததாக இருக்கட்டும். கடையிலேயே ஊசியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். வளைந்தாலோ ஆடினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது திரி. நல்ல திரி விரலில் ஒட்ட வேண்டும், வளைத்தால் நெளிய வேண்டும். காய்ந்து விறைத்த திரி ஓட்டைக்குள்ளே பிடிக்காது. மோட்டார் சைக்கிளுக்கு மெல்லிய திரி, காருக்கும் சின்ன லோடு வண்டிக்கும் சற்றுத் தடித்த திரி என்று இரண்டு அளவும் உள்ள கிட்டாகப் பாருங்கள். சீமைக் கருவேல் மண்டிய வண்டிப்பாதையில் போகிறவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று முள் ஏறுவது சகஜம். ஆகவே திரி பத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

திரியோடு சொல்யூஷன் டியூப் ஒன்றும் வரும். அது ஊசியை வழுக்கி உள்ளே போகவும், திரி ஒட்டவும் உதவுகிறது. ஒரு தடவை திறந்தால் நாளாவட்டத்தில் காய்ந்துவிடும். எனவே பெரிய டியூப் ஒன்றைவிடச் சின்ன டியூப் இரண்டு நல்லது. அது தீப்பற்றக் கூடியது. பீடி பிடித்துக்கொண்டே பஞ்சர் ஒட்டுகிற வழக்கம் வேண்டவே வேண்டாம்.

இவற்றோடு ஆணியைப் பிடுங்க ஒரு கட்டிங் பிளேயர், திரியை அறுக்க ஒரு பிளேடு, காற்று பார்க்கிற சின்ன மீட்டர் ஒன்று, இருட்டுக்கு டார்ச் லைட். ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது, காற்று வேணுமே! இதைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கால் பம்பு போதும். கார், லோடு வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பு உண்டு. அதை ஓட்டுகிறபோது இன்ஜினை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கி இன்னொரு தொந்தரவாகும். சின்னக் குப்பியில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு வாயுவும் விற்கிறார்கள். ஒரு தடவைதான் ஆகும். காட்டுப்பக்கம் அடிக்கடி போகிறவருக்குப் பம்பே மேல்.

இனி செய்முறை. பாதையை விட்டு ஒதுங்கி, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிவிடாதீர்கள். திரியை ஊசியில் நடுவாகக் கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்துக்கொண்ட பிறகு பிடுங்குங்கள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் அரத்தை விட்டு மூன்று நான்கு தரம் சீவுங்கள். மோட்டார் சைக்கிள் டயர் மெல்லியது, அதிகம் சீவினால் உள்நூல் அறுந்துபோகும். பிறகு திரியைத் தள்ளுங்கள். இரண்டு நுனியும் வெளியே ஒரு சென்டிமீட்டர் அளவு நிற்கும்போது ஊசியைத் திருகாமல் வெடுக்கென்று நேராக இழுங்கள். திரி உள்ளே தங்கிவிடும். மிச்சத்தை டயரை ஒட்ட அறுக்காமல் கொஞ்சம் விட்டு அறுங்கள். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் இன்னும் காற்று போகிறது என்று அர்த்தம்.

எங்கே திரி வைக்கக் கூடாது என்பதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் படுகிற பட்டைப் பகுதியில் மட்டும்தான் வைக்கலாம். டயரின் பக்கவாட்டிலோ, பட்டையும் பக்கமும் சேருகிற தோளிலோ வைக்கவே கூடாது. அந்த இடம் ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்கிறது, திரியைக் கக்கிவிடும். ஓட்டை கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6 மில்லி மீட்டருக்கு மேல் இருந்தாலும் வேண்டாம். காற்றில்லாமல் வெகுதூரம் ஓட்டிய டயரானால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நைந்திருக்கும். அதைத் திரி காப்பாற்றாது.

திரி வைத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. இது ஊர்போய்ச் சேருகிறவரைக்கும் போட்ட கட்டு மாதிரி. மெதுவாகப் போங்கள், பாரத்தைக் குறையுங்கள். முடிந்த சீக்கிரத்தில் டயரைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து ஒட்டுப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் உள்ளே சேதம் இருந்தாலும் தெரியும். முக்கியமாக முன் சக்கரத்தில் அலட்சியம் வேண்டாம். ஓடுகிற வண்டியில் முன் டயர் இறங்கினால் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் சக்கர டியூபுக்கு வேண்டிய ஒட்டுத் துண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், டயர் நெம்பி இரண்டு, இவற்றைத் தனியாகக் கட்டி வையுங்கள். பின் சக்கரத்தை வயலில் நீங்களே கழற்றப் போகாதீர்கள். சிலர் பாரத்துக்காக அதில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். நாலு பேர் பிடித்தாலும் நிற்காது. பஞ்சர்க்காரரை வயலுக்கே வரவழைப்பதுதான் முறை. ஈர மண்ணில் ஜாக்கி வைத்தால் புதையும். அடியில் கெட்டியான பலகை போடுங்கள். மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டு கொடுங்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் நுழையவே கூடாது.

ரோட்டில் நின்றால் பின்னால் வருகிறவருக்குத் தெரியும்படி ஒளி மின்னுகிற முக்கோண அட்டையை வையுங்கள். கல்லையும் மரக்கிளையையும் வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோம். ராத்திரியில் வருகிற இன்னொரு விவசாயி அதில் மோதி விழுந்தால் அந்தப் பாவம் யாருக்கு? கிளம்புமுன் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள்.

வாங்கிய கிட்டை வெயிலில் காய்கிற பெட்டியில் அப்படியே போட்டு வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள். பொங்கலுக்கு வண்டி கழுவுகிற அன்றைக்குத் திரியையும் சொல்யூஷனையும் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மாற்றுங்கள். பஞ்சர் கடையில் தேய்ந்து கழித்த பழைய டயர் கேட்டால் தருவார்கள். அதில் ஒரு ஓட்டை போட்டு வீட்டிலேயே செய்து பழகுங்கள். ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். நடு வழியில், டார்ச் வெளிச்சத்தில் முதல் பாடம் படிப்பது கஷ்டம்.

இந்த வாரமே உங்கள் வண்டி டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.